ஒயர் தெரியாத போர்டு

மாலையில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு ஒருநாள் அப்பா வந்தார். அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு கேபினெட்டைப் பார்த்து, "ஏம்ப்பா, ஒயரே காணோமே, கரண்டு எப்படிப் போவுது?" என்றார்.

24 பின் பவர் கனெக்டர், சாட்டா, ஃபேன் முனைகள் எல்லாம் மதர்போர்டின் முதுகுப்பக்கம் இருக்கும் மாடல் அது. ஆசுஸ் இதை பி.டி.எஃப். என்கிறது, எம்.எஸ்.ஐ. 'புராஜெக்ட் ஜீரோ' என்கிறது. எனக்கும் அதன்மேல் ஒரு கண்தான்! ஆனால் கேபினெட்டிலும் அதே இடங்களில் துளை இருக்க வேண்டும். என்னுடையதோ செகண்ட் ஹேண்ட் கேபினெட், அதில் உட்காராது. பணமோ அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்தது. அழகுக்காக கேபினெட்டையும் மாற்றுவதா?

வி.ஆர்.எம். மேல் நல்ல ஹீட்சிங்க், 3 வருட வாரண்டி இரண்டையும் பார்த்து சாதாரண போர்டே வாங்கினேன். ஒயர்களை டேக் போட்டுக் கட்டி முடித்ததும் அப்பா எட்டிப் பார்த்தார்.

"இதுல ஒயர் தெரியுது. இதான் நல்லாருக்கு."