கூப்பிடு தூரம்... சுத்துற வழி!

அட்லஸைத் திறந்து ஸ்கேலை வெச்சுப் பாருங்க பாஸ்! தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர்தான். சென்னைக்கோ 500 கிலோமீட்டரைத் தாண்டும். அதாவது, நம்ம தலைநகரைவிட பக்கத்து நாட்டுக் கொழும்புதான் முத்துநகருக்குக் கிட்ட. கடிகாரத்தைக்கூட மாத்த வேண்டாம், ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம்!

'அப்போ ஏறி உட்கார்ந்தா முக்கால் மணி நேரத்துல கொழும்பு'ன்னு கணக்குப் போடுறீங்களா? கணக்கு சரி... விமானம்தான் இல்லை! வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது டெர்மினல் திறந்தாச்சு. ஓடுபாதையும் 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டாச்சு. ஆனாலும் கொழும்பு போக, முதலில் வடக்கே சென்னைக்குப் பறக்கணும். அங்கே வேற விமானம் மாறி, மறுபடி தெற்கே வரணும். வானத்தில் மட்டும் 1,150 கிலோமீட்டருக்கு மேல். பறக்கிற நேரம் கிட்டத்தட்ட மூணு மணி. காத்திருப்பையும் சேர்த்தா பாதி நாள் காலி! விவரமான ஆளுங்க பஸ்ஸில் மதுரை போய், அங்கிருந்து நேர் விமானம் பிடிச்சுடுறாங்க. சுமார் ஒரு மணி நேரப் பயணம்.

ஒரு காலத்தில் கதை அப்படியே உல்டா! 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கிற வரைக்கும், கொழும்பு போற சென்னைக்காரங்கதான் ரயிலேறி தூத்துக்குடிக்கு வந்து கப்பல் பிடிச்சாங்க. அந்த ரூட்டுக்கு இருந்த மவுசுக்கு சாட்சி, வ.உ.சி. 1906-ல் தொடங்கின சுதேசி கப்பல் கம்பெனி. பிரிட்டிஷ் கம்பெனிக்காரன் கட்டணத்தைக் குறைச்சுப் பார்த்தான். சும்மாவே ஏத்திட்டுப் போய், கையில் குடையும் கொடுத்தான்னு ஊரில் சொல்வாங்க. இன்னிக்கு செல்போன் கம்பெனிகள் பண்ற ஆஃபர் சண்டையெல்லாம் அதுக்கு முன்னாடி ஜுஜுபி!

அதுக்கும் முன்னாடி முத்து. மன்னார் வளைகுடாவில் ரெண்டு கரையை ஒட்டியும் முத்துப் பார்கள் இருக்கு. இலங்கைப் பக்கம் சலாபம்னு அறிவிப்பு வந்தா, தூத்துக்குடி, கீழக்கரை ஆளுங்க தோணியைக் கிளப்பிடுவாங்க. கல்லைக் காலில் மாட்டி, மூச்சை அடக்கி, கடலுக்கு அடியில் போய் சிப்பி அள்ளின கூட்டம் அது. நம்ம பக்கம் 1961-ஓடு சலாபம் முடிஞ்சது. இப்போ இங்கேயிருந்து தோணிகள் சரக்கோட மாலத்தீவு வரைக்கும் போகுது. அது கொழும்பைவிட ரெண்டரை மடங்கு தூரம்!

கப்பல் விட்டுப் பார்க்காமலும் இல்லை. 2011 ஜூன் 13-ம் தேதி 'ஸ்காட்டியா பிரின்ஸ்' கிளம்புச்சு. 152 கடல்மைல், சாயங்காலம் ஏறினா காலையில் கொழும்பு. போதுமான கூட்டம் சேரலை. நவம்பரிலேயே நின்னுபோச்சு.

ஆயிரம் பேர் ஏறுற கப்பல் நிரம்பாதது சரி... எழுபது சீட் ஏடிஆர் விமானம் வாரத்துக்கு ரெண்டு தடவைகூடவா நிரம்பாது? சொந்தபந்தம், வியாபாரம், அக்கரையில் மேற்படிப்பு, சும்மா சுத்திப் பார்க்கிறதுன்னு எத்தனை காரணம் இருக்கு!

துறைமுகத்துப் பக்கம் போனா இன்னொரு வேடிக்கை. இங்கே ஏற்றும் கன்டெய்னர்களில் நிறைய, கொழும்புக்குப் போய்த்தான் ஐரோப்பா போற பெரிய கப்பலுக்கு மாறுது. ஆக, திருப்பூர் பனியன் தூத்துக்குடியிலிருந்து நேரா கொழும்பு போகுது. அதைப் போட்டிருக்கிற நீங்க மட்டும் வயா சென்னை!