பலகைக்கு அடியில் ஒரு பலகை

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் எங்கள் குடும்பத்தார் தலைமுறைகளாகப் பட்டு நெய்தவர்கள். என் தம்பியின் மகன் மட்டும் தறியை விட்டு மரவேலைக்குச் சென்றான். அண்மையில் வங்கிக் கடன் பெற்று, கணினியின் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரம் ஒன்றை வாங்கினான். தெருவே திரண்டு வந்து வியந்தது. எனக்கோ அது நம் வீட்டுப் பிள்ளையாகவே தோன்றியது. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் துளையிட்ட அட்டைகளால் தறியின் நூல்களை ஆட்டுவித்தார். 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் துளையிட்ட நாடாவால் வெட்டுப் பொறியை நடத்திக் காட்டினர். தறிக்குமேல் தொங்கும் அட்டைக் கோவையை அறிந்தவர்க்கு இது விளங்காததன்று.

அவனுக்குக் கவலை தந்தது இயந்திரமன்று. அதன் மேசைமேல் எதை விரிப்பது என்பதே. மரத்தை முழுதும் அறுக்க வேண்டுமாயின் வெட்டுமுனை மரத்தைக் கடந்து மயிரிழையேனும் கீழே இறங்க வேண்டும். அங்கே உலோகம் இருந்தால் முனை முறியும். ஆகவே வெட்டுப்படுவதற்கென்றே ஒரு பலகை வேண்டும். மேனாட்டார் அதனைப் பலிப் பலகை என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். நம் இறைச்சிக் கடைக்காரர் புளியமரத் துண்டை நிறுத்தி வைப்பதும் கத்தியின் கூரைக் காக்கத்தானே!

முதல் வேலையோ எளிதன்று. ஒருவர் தம் பாட்டனார் வீட்டை இடித்தபோது எடுத்த பழந்தேக்கைக் கொணர்ந்து, கதவில் கொடிப்பூ வேலை கேட்டார். கெட்டுப்போனால் காசு கொடுத்தும் அம்மரத்தைத் திரும்பப் பெற இயலாது.

பளபளக்கும் மேற்பூச்சுப் பலகை வழுக்கும் என்று விலக்கினான். பிளைவுட் உறுதியானதே, ஆயினும் சிலவற்றில் உள்ளடுக்கில் வெற்றிடம் இருக்கும், காலப்போக்கில் வளையவும் கூடும். இறுதியில் மரநாரைப் பசையுடன் அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகையை, 18 மில்லிமீட்டர் கனத்தில், தேர்ந்தான். எங்கும் ஒரே அடர்த்தி, விலையும் குறைவு. காற்றை உறிஞ்சி மரத்தைப் பிடித்துவைக்கும் மேசையாயின் வேறொரு நன்மையும் உண்டு: இருபுறமும் கடினமான மேல்தோலைச் சீவிவிட்டால் காற்று அதனூடே செல்லும். இவனுடையது கிளாம்புகளால் பிடிக்கும் மேசை. பலகையைப் பொருத்திய திருகாணிகளின் தலைகளை ஆழப் புதைத்தான்.

ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“பெரியப்பா, பூமிக்கு மட்டமாக இருந்து என்ன பயன்? வெட்டுமுனை செல்லும் வழிக்கு மட்டமாக இருக்க வேண்டும்.”

அகன்ற வெட்டுமுனையை மாட்டி, அந்த இயந்திரத்தைக் கொண்டே பலகையின் மேற்பரப்பு முழுவதையும் அரை மில்லிமீட்டர் சீவினான். முதல் ஓட்டத்தில் ஒரு மூலை தொடப்படாமலே நின்றது. அம்மூலை அவ்வளவு தாழ்ந்திருந்தது! சீவாமல் கதவை ஏற்றியிருந்தால் கொடி ஓரிடத்தில் ஆழ்ந்தும் மற்றோரிடத்தில் மங்கியும் போயிருக்கும். அம்மூலையும் சீவப்படும் வரை மேலும் இருமுறை ஓட்டினான். அதன் பிறகே தேக்கு மேசையேறியது. கதவு நன்றாகவே அமைந்தது. உரியவர் பூக்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பேசாமல் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

இப்பலகைக்கு ஈரம் ஆகாது. விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசியிருக்கிறான். எனினும் ஐப்பசி மழையில் சற்றே உப்பியது, மீண்டும் சீவினான். இப்போது 12 மில்லிமீட்டர் மிஞ்சியுள்ளது. அடுத்த பலகை பழைய தறிக்குழியின்மேல் மூடியாகக் கிடக்கிறது.