கடைப் பந்தி

இராயபுரம் கடலை நம்பி வாழும் ஊர். கிழக்கே வங்கக் கடல். வடக்கே காசிமேட்டு மீன்பிடி துறைமுகம். தெற்கே சென்னைத் துறைமுகம். 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி புறப்பட்டதும் இவ்வூர் நிலையத்திலிருந்துதான். விடியுமுன்பே எங்கள் தெருவில் மீன் கூடைகள் வந்து இறங்கும். இங்கு மீன் என்றால் உணவு. மீன் என்றால் தொழில். மீனுக்கு நாம் உணவிடுவது என்பது எங்கள் தெருவாருக்கு நகைப்பை விளைக்கும் செய்தி. அத்தகைய தெருவிலேதான், தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற யான், இரவுதோறும் ஒரு மீனுக்காகச் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். அதன் வரலாற்றைக் கூறுகிறேன், கேளுங்கள்.

ஏழாம் வகுப்பில் பயிலும் என் பேரன் மீன் தொட்டி வேண்டுமென்று நெடுநாள் கேட்டான். மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தோம். பின்னர் அவனை அழைத்துக்கொண்டு கொளத்தூருக்குச் சென்றேன். வண்ண மீன் வளர்ப்பிலும் வணிகத்திலும் பெயர் பெற்ற பகுதி அது. மாடியிலும் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்ப்போர் அங்குப் பலர். கப்பி, மோலி முதலிய சிறு மீன்களை வாங்கி வந்தோம்.

ஒரு திங்கள் கழிந்தது. கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்தது. மீண்டும் கொளத்தூர் சென்றபோது, விரல் நீளமுள்ள கரும்பழுப்பு மீன் ஒன்றைக் கண்டோம். கடைத்தெருவில் அதற்கு 'டேங்க் கிளீனர்' என்று பெயர். தொட்டி துடைப்பான் என்பது பொருள்.

"தாத்தா, இதற்குத் தீனி போட வேண்டாமா?" என்று பேரன் கேட்டான்.

"பெயரிலேயே விடை இருக்கிறதே! இது காரணப் பெயர் அல்லவா? தொட்டியிலுள்ள அழுக்கே இதற்கு உணவு" என்று யான் முந்திக்கொண்டு கூறினேன். இலக்கணம் கற்பித்த நாவுக்கு விடை கூறுவதில் எப்போதும் விரைவு மிகுதி.

அம்மீன் நம் ஊர்க் கெளுத்தியின் இனத்தைச் சேர்ந்தது; ஆயினும் நம் நாட்டது அன்று. தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ முதலிய ஆறுகளே அவ்வகை மீன்களின் தாயகம். அதன் உடலில் செதில் இல்லை. எலும்புத் தகடுகள் கவசம்போல் மூடியிருக்கும். வாய் முகத்தின் கீழ்ப்புறத்தில் அமைந்திருக்கும். அவ்வாயினால் கல்லையும் கண்ணாடியையும் கவ்விப் பற்றிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்னும். பகலில் கல்லிடுக்கில் ஒடுங்கியிருக்கும். இருள் சூழ்ந்தபின் வெளியே வந்து வேலையைத் தொடங்கும்.

இரண்டு வாரத்தில் கண்ணாடி பளிங்குபோல் ஆயிற்று. வீட்டுக்கு வந்தவரெல்லாம் வியந்தனர். காலையும் மாலையும் நாங்கள் தூவிய தீனியை மேலே நீந்தும் மீன்கள் ஓடி வந்து உண்டன. அடித்தளத்துக்கு ஒரு துணுக்கும் சென்று சேரவில்லை. அதை நாங்கள் எண்ணிப் பார்க்கவும் இல்லை. மூன்றாம் திங்களில் ஒருநாள் காலை, அம்மீன் மல்லாந்து கிடந்தது.

எங்கள் அண்டை வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கடலில் வலை வீசியவர். இறந்த மீனை அவரிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து அதன் வயிற்றை விரலால் தடவினார்.

"வாத்தியாரையா, இது நோயால் செத்ததன்று. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, பாருங்கள். பட்டினியால் செத்திருக்கிறது" என்றார்.

பின்பு கத்தியை எடுத்து வயிற்றைக் கீறினார். மெல்லிய குடல், சுருட்டி வைத்த நூல்போல் வளைந்து வளைந்து நீண்டிருந்தது.

"வஞ்சிரம் மற்ற மீனைத் தின்னும், அதன் குடல் குட்டை. மடவை பாசியையும் சேற்றையும் மேயும்; அதன் குடல் மிக நீளம். இதன் குடலைப் பாருங்கள். இது தழை தின்கிற சாதி. இதற்குப் பச்சையாக ஏதேனும் போட்டீர்களா?" என்று கேட்டார்.

யான் வாய் திறக்கவில்லை. பேரன் என் முகத்தைப் பார்த்தான். அவன் கேட்ட கேள்வியை அவனும் மறக்கவில்லை, யானும் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் செல்லாத அம்முதியவர் மீனின் குடலைப் படித்தார். பல்லாண்டு நூல் கற்ற யான் மீனின் பெயரை மட்டும் படித்தேன். அப்பெயர் அம்மீனின் இயல்பை நோக்கி இட்ட பெயர் அன்று. அதனால் நமக்குக் கிடைக்கும் பயனை நோக்கி இட்ட பெயர். அது பாசியைத் தின்றதே ஒழிய, மற்ற மீன்களின் கழிவை உண்டு வாழவில்லை. பாசி தீர்ந்த அன்றே அதன் உணவும் தீர்ந்தது. நாங்கள் தூய்மை என்று பாராட்டிய கண்ணாடி, அதற்கு வெறும் உண்கலம்.

பேரனும் யானும் கலந்து பேசி, அவ்வகை மீன் ஒன்றை மீண்டும் வாங்கி வந்தோம். இம்முறை மீன் வளர்ப்போரைக் கேட்டும், நூல்களைப் பார்த்தும் அதன் உணவை அறிந்துகொண்டோம். சுரைக்காய், வெள்ளரிக்காய், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பசலைக் கீரை, தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி ஆகியவற்றை அது விரும்பி உண்ணும். கல்மண்டபத்துக் காய்கறிக் கடையில் யான் சுரைப்பிஞ்சைத் தேடி எடுப்பதைக் கண்டு, "மீனுக்குக் குழம்பா ஐயா?" என்று கடைக்கார அம்மையார் நகைப்பார். ஆயினும் நல்ல பிஞ்சாகப் பார்த்து அவரே எடுத்துத் தருவார்.

காய்க்கு அடித்த பூச்சிமருந்து மீனுக்கு நஞ்சாகும். ஆதலின் அதை நன்கு கழுவித் தோலைச் சீவிவிட வேண்டும். விரற்கடை அளவுள்ள வில்லையாக அரிந்து, கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் இட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். அங்ஙனம் செய்தால் காய் மெத்தென்றாகும். மீன் எளிதில் சுரண்டும். உப்பு, மசாலை எதுவும் சேர்த்தல் ஆகாது. காய் மிதந்தால் அடித்தள மீனுக்கு எட்டாது. ஆதலின் பழைய எவர்சில்வர்க் கரண்டியின் காம்பில் வில்லையைக் குத்தி அடியில் இறக்குகிறோம். இரவில் விளக்கை அணைத்தபின் இட்டு, காலையில் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். அழுகிய காய் நீரைக் கெடுத்து மீன்கள் அனைத்தையும் கொன்றுவிடும். வாரம் ஒருமுறை தொட்டி நீரில் ஒரு பங்கை மாற்றுதலும் வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் நீங்குமாறு, அந்நீரை ஒருநாள் திறந்து வைத்துப் பின்பு ஊற்றுகிறோம்.

அடித்தளத்தில் வாழும் மீன்கள் எல்லாம் காய் உண்பன அல்ல. நம் ஆற்று அயிரை மணலைக் கிளறிச் சிறு புழுக்களைத் தேடும். எவ்வுயிர்க்கு எவ்வுணவு என்று அறிந்து இடுதலே ஊட்டுதல் ஆகும்.

முதல் இரவு வில்லையை இறக்கிவிட்டு, பேரனும் யானும் இருளில் அமர்ந்திருந்தோம். நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை. பின்பு கல்லிடுக்கிலிருந்து ஒரு நிழல் மெல்ல ஊர்ந்து வந்தது. வில்லையின் மேல் படுத்துக்கொண்டது. விடிந்து பார்த்தால், வளையம்போல் ஓரம் மட்டும் எஞ்சியிருந்தது. "தாத்தா, வயிறு உருண்டிருக்கிறது!" என்று பேரன் கூவினான். அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை எவ்வாறு சொல்வேன்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மீன் ஓரடிக்கு மேலும் வளரும். சிறு தொட்டி அதற்குப் போதாது. போதாதபோது அதை ஏரியிலோ குளத்திலோ விடுவது பெருந்தவறு. அவ்வாறு விடப்பட்ட மீன்கள் தமிழகம், ஆந்திரம், கேரளம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகிவிட்டன. அவை நம் நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கின்றன, கரையைக் குடைகின்றன, முள் பொருந்திய கவசத்தால் மீனவரின் வலையைக் கிழிக்கின்றன. எங்கள் மீன் பெரிதாகும்போது, கொளத்தூரில் பெருந்தொட்டி உடைய ஒருவரிடம் அதை ஒப்படைப்பதாக முன்னரே பேசி வைத்திருக்கிறோம்.

இவ்வளவும் எண்ணும்போது என் தாயார் என் நினைவில் வருகிறார். எங்கள் வீட்டில் திருமணம் நிகழ்ந்தால் பந்தி பந்தியாக விருந்து நடக்கும். சமைத்தவரும், இலை எடுத்தவரும், பாத்திரம் துலக்கியவரும் கடைப் பந்தியில்தான் அமர்வர். அவர்கள் அமரும்போது சோறு இருக்கும், குழம்பு இராது, குழம்பு இருந்தால் காய் இராது. அதனால் முதற்பந்திக்கு இலை போடுமுன்பே, என் தாயார் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பங்கு எடுத்து, ஓர் அடுக்கில் வைத்து மூடிவிடுவார். யாரேனும் கேட்டால், "இது கடைப் பந்திக்கு" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

மாணவர்களே! பகுத்துண்டு பல உயிர்களைக் காத்தலை அறங்களுள் தலையாயது என்றார் வள்ளுவர். அதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியவன் யான். மேலே நீந்துவன தாமே வந்து உணவைப் பெற்றுக்கொள்ளும். கீழே ஒடுங்கி நம் அழுக்கைத் துடைக்கும் உயிரோ கேட்பதில்லை. நாம்தாம் நினைத்துப் பார்க்க வேண்டும். துடைப்பவருக்கும் பசி உண்டு என்பதை ஒரு சிறு மீன் தன் உயிரைக் கொடுத்து எனக்குக் கற்பித்தது.

இப்போது எங்கள் வீட்டில் மாலையில் காய் நறுக்கும்போது, உப்பிடுமுன் ஒரு வில்லையைத் தனியே எடுத்து வைப்பவன் என் பேரன். "அது யாருக்கு?" என்று யான் வேண்டுமென்றே கேட்பேன். "கடைப் பந்திக்கு, தாத்தா" என்பான்.