ரெண்டு இட்லி, மூணு சாம்பார்

காலை ஐந்தரை. பெரணமல்லூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓட்டலின் ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. அதன் அடியில் குனிந்து இரண்டு அரிசி மூட்டைகள் உள்ளே போகின்றன. களம்பூர் மில் அரிசி. மூட்டையின் மேல் '26 கிலோ' என்று அச்சு.

2022 ஜூலை 18-ஆம் தேதி, 25 கிலோ வரை கட்டிய அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. மில்களில் ஒரு கிலோ சேர்த்துக் கட்டினார்கள். மூட்டை வரியைத் தாண்டிவிட்டது. தூக்குகிறவருக்குக் கூலி இன்றும் மூட்டைக் கணக்குத்தான்.

பின்கட்டில் நீல சிலிண்டர் இரண்டு. ஒன்று எரிகிறது, ஒன்று காத்திருக்கிறது. அவற்றுக்கு எட்டத்தில் ஒரு விறகடுப்பு. சவுக்குக் கட்டைகள் சுவர் ஓரமாக அடுக்கியிருக்கின்றன. சோறும் சாம்பாரும் விறகில். தோசைக்கல் காஸில். வெள்ளையடித்த சுவரில் புதுக் கரி.

மாஸ்டர் வடை தட்டுகிறார். உள்ளங்கையில் மாவு, நடுவில் கட்டை விரல், எண்ணெயில் வழுக்கி இறங்குகிறது. ஓட்டை எப்போதும் போல இருக்கிறது. சுற்றியுள்ளதுதான் இளைத்திருக்கிறது.

ஆறு மணி. செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ், இருபது வயதுப் பெண்கள். யாரும் ஓட்டல் பக்கம் திரும்பவில்லை. பஸ் போகிறது. ஓட்டல் தூணில் 'பரோட்டா மாஸ்டர், சர்வர் தேவை' என்று சாக்பீஸ் எழுத்து. மழையில் பாதி அழிந்து, மறுபடி எழுதப்பட்டிருக்கிறது.

கல்லாவுக்கு மேலே விலைப்பலகை. பலகாரங்களின் பெயர் பெயிண்டில், விலை ஸ்டிக்கரில். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர். தோசைக்கு எதிரே அது சிறு மேடாகவே எழும்பியிருக்கிறது. பெஞ்சின் மேல் ஏறி நின்ற ஒரு பையன் நகத்தால் சுரண்டுகிறான். 50-க்கு அடியில் 45. அதற்கடியில் 40. இன்னும் சுரண்டுகிறான்.

"தம்பி, கைய எடு."

பையன் இறங்குகிறான். கல்லாக்காரர் எழுந்து ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறார்.

பலகையின் பக்கத்தில் லேமினேட் செய்த ஓர் அறிவிப்பு. 'சிலிண்டர் விலை உயர்வின் காரணமாக உணவுப் பொருட்களின் விலை மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்கவும்.' கீழே தேதி: மே 2022. அந்த மாதம் சென்னையில் 19 கிலோ வணிக சிலிண்டர் 2,508 ரூபாய். 2025 செப்டம்பரில் அதே சிலிண்டர் 1,738. நடுவில் பல ஒன்றாம் தேதிகள் ஏறியும் இறங்கியும் போயின. அதுவரை மொத்தத்தில் 770 ரூபாய் இறங்கியிருந்தது. அறிவிப்பு இறங்கவில்லை. ஓரம் பிய்ந்த இடத்தில் புது செல்லோடேப்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில் மீதான இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக்கியது. எண்ணெய் டின் ஏறியது. அடுத்த ஆண்டு மே கடைசியில் அதே வரி 16.5-க்கு வந்தது. இதற்கெல்லாம் அறிவிப்பு இல்லை. ஏறிய செய்திக்கு மட்டும் ஒரு ஸ்டிக்கர் உண்டு.

ஒன்பதே முக்கால். தறிக்காரர்கள் வரும் நேரம். விடிவதற்கு முன்பே தறிக்குழியில் கால் இறக்கியவர்கள். ஒருவர் மூலை மேசையில் உட்காருகிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. லுங்கி, அரைக்கைச் சட்டை. தோளில் அரக்கு நிறப் பட்டு இழை ஒன்று ஒட்டியிருக்கிறது. பலகையைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி மின்விசிறியைப் பார்க்கிறார்.

"என்ன வேணும்ணா?"

"ரெண்டு இட்லி."

"தோசை சூடா இருக்குதுண்ணா."

"இட்லி போதும்பா. வயிறு சரியில்ல."

இந்த மேசையில் வயிறு சரியில்லாதவர்கள் பெருகி வருகிறார்கள்.

இட்லி வருகிறது. முதல் சாம்பாரில் இட்லி முழுகுகிறது. அவர் பிட்டு ஊறவிடுகிறார். ஒரு வாய் ஆனதும் கை உயர்கிறது. இரண்டாவது சாம்பார். அரை இட்லி மிச்சம் இருக்கையில் கை மறுபடி உயர்கிறது. பலகையில் சாம்பாருக்கு விலை இல்லை.

வாளி தூக்கி வருகிறவர் ஒடிசாக்காரர், இருபத்திரண்டு வயதிருக்கும். வந்து நான்கு மாதம். தமிழில் அவருக்கு முதலில் கற்றுக்கொடுக்கப்பட்ட சொல் 'போதுமா'. கரண்டியைத் தட்டின் மேல் சாய்க்கும் முன்பே சொல்லிவிடுகிறார்.

"போதுமா?"

"ஊத்துப்பா."

ஊற்றுகிறார். கரண்டியில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு வருகிறது. வாளிக்கே திரும்புகிறது.

தறிக்காரரின் சட்டைப் பையில் மடங்கிய கணக்கு நோட்டு. கை துடைத்து, பிரித்து, பேனாவால் எதையோ குறிக்கிறார். ஆரணி முதலாளி கொடுத்த பாவு, அதற்கான பட்டு, ஜரிகை, கூலி என நான்கு கட்டம். பட்டும் ஜரிகையும் கிராம் வரை எழுதியிருக்கின்றன. கூலிக் கட்டத்தில் முதல் வரியில் ஒரு தொகை. அதற்குக் கீழே மேற்படி. அதற்குக் கீழே மேற்படி. பக்கம் முடியும் வரை மேற்படி.

அடுத்த மேசையில் இரண்டு பேர் சாப்பிட்டு எழுகிறார்கள். முன்பெல்லாம் இந்தக் கல்லாவுக்கு முன்னால் தள்ளுமுள்ளு நடக்கும். ஒருவர் நோட்டை நீட்டுவார், மற்றவர் அந்தக் கையைப் பிடித்து மடக்குவார், கல்லாக்காரர் யாரிடம் வாங்குவது என்று முழிப்பார். இப்போது ஒருவர் கல்லாவுக்கு நடக்கிறார். மற்றவர் கை கழுவப் போகிறார். சோப்பு போடுகிறார். விரல் இடுக்குகளைத் தேய்க்கிறார். முழங்கை வரை நனைக்கிறார். வாய் கொப்பளிக்கிறார். கண்ணாடியில் தலை சீவுகிறார்.

கல்லா மேல் இருக்கும் சின்னப் பெட்டி சத்தமாகச் சொல்கிறது: "நூற்று முப்பது ரூபாய் பெறப்பட்டது."

தண்ணீர்க் குழாய் நிற்கிறது.

பெட்டி வந்த பிறகு யார் எவ்வளவுக்குச் சாப்பிட்டார்கள் என்பது கடை முழுக்கக் கேட்கிறது. இருபதுக்குள் இருந்தால் சில பேர் சில்லறையாகக் கொடுக்கிறார்கள். மூலை மேசைக்காரரும் அப்படித்தான். இரண்டு பத்து ரூபாய் நாணயங்கள். மேசை மேல் வைத்து ஒரு விரலால் தள்ளுகிறார்.

மதியச் சாப்பாட்டில் பெரிய செய்தி இல்லை. வாழையிலை போய்த் தட்டில் விரிக்கும் பேப்பர் இலை வந்திருக்கிறது. அப்பளம் ஒன்றுதான். இரண்டாவது அப்பளம் கேட்பவரை எல்லாரும் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறார்கள். பார்சல் கட்டுபவர் ரசத்தையும் மோரையும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, உப்பலாக இருக்கும்படி காற்றோடு முடிச்சுப் போடுகிறார். பை கனமாகத் தெரிகிறது.

மாலை நாலரை. வெள்ளை கார் ஒன்று ஓரம் கட்டுகிறது. சென்னைப் பதிவெண். இஞ்சிமேடு நரசிம்மர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் குடும்பம். பின் சீட்டில் ஆரணிக் கடையின் பெயர் போட்ட இரண்டு பைகள். உள்ளே பட்டு. அம்மா இறங்கவில்லை. பையைத் தொடையில் வைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கி வெளியே பார்க்கிறார்.

அப்பா மூன்று டீ சொல்கிறார். பாய்லர் பக்கத்தில் காலையில் வந்த தறிக்காரர் நிற்கிறார். கையில் பாதி டீ. மீதிப் பாதி இன்னொரு கிளாசில் இன்னொருவர் கையில்.

"எவ்வளவு?"

"முப்பத்தாறு சார்."

"மூணுமா?" அவர் காரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். "ரொம்ப சீப்பா இருக்கே! எங்க பக்கமெல்லாம் செப்டம்பர் ஒண்ணாம் தேதியிலேர்ந்து டீ பதினைஞ்சு, காபி இருபது. சங்கத்துல சொல்லியே ஏத்திட்டாங்க."

"அப்படீங்களா சார்?"

"பால் விலை, டீத்தூள் விலை, என்ன பண்ணுவாங்க பாவம்."

கல்லாக்காரர் தலையாட்டுகிறார். பாவம் என்ற சொல் அவருக்குப் பிடித்திருக்கிறது. தறிக்காரர் கிளாசின் அடியைப் பார்க்கிறார். காரிலிருந்து அம்மாவின் குரல்: "பில் எல்லாம் பத்திரமா இருக்கான்னு பாருங்க. சேலைக்கு ஜிஎஸ்டி அஞ்சு பர்சென்ட் போட்டிருக்கான்."

"நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்கிறது பெட்டி. நான்கு ரூபாயைத் திரும்ப வாங்காமல் அவர் கையசைத்துவிட்டுப் போகிறார். கார் வந்தவாசி ரோட்டில் திரும்புகிறது.

கல்லாக்காரர் இழுப்பறையைத் திறக்கிறார். ரப்பர் பேண்டுகள், பழைய ரசீதுகள், ஊதுவத்தி, எண்கள் அச்சடித்த ஸ்டிக்கர் தாள். தாளில் ஒன்றும் ஐந்தும் தீர்ந்துபோயிருக்கின்றன. ஒடிசாப் பையனைக் கூப்பிட்டு, ஸ்டேஷனரி கடையைக் கை நீட்டிக் காட்டுகிறார்.

திங்கட்கிழமையிலிருந்து டீ 15 ரூபாய். காபி 20.