கரையோரம் நடந்த மகள்

அரபியில் கருவறையை 'ரஹிம்' என்பர்; அருளை 'ரஹ்மத்' என்பர். இரண்டும் ஒரே வேரிற் கிளைத்த சொற்கள். ஆயினும் மகளுக்குப் பதினாறு, பதினேழு வயதாகும்போது, ஈன்ற தாய்க்கும் அவளுக்கும் இடையே அருள் வறண்டு மௌனம் குடியேறுவதைப் பல இல்லங்களிற் காண்கிறோம்.

1968இல் துவரங்குறிச்சியிற் பிறந்த கவிஞர் சல்மாவின் வாழ்வு இதற்குச் சான்று. பதின்மூன்று வயதில் அவர் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டது. தம்மைத் திருமணத்துக்கு இணங்கவைக்க அன்னை நோயுற்றதாக நடித்ததை அவரே கூறியிருக்கிறார். அதே அன்னைதான் பின்னாளில் மகளின் கவிதைத் தாள்களை மறைவாக வெளியே கொண்டு சேர்த்தவர். முதற்றொகுதி 2000இல் வெளிவந்தது. 2025இல் சல்மா மாநிலங்களவை உறுப்பினரானார். தடுத்த கையே தாங்கவும் செய்தது! அந்தத் தாய் மகளை வெறுத்தவரல்லர், ஊருக்கு அஞ்சியவர்.

சேர்வராயன் மலையில், வெள்ளக்கடையில் நாம் அறிந்த ஓர் இல்லத்திலும் இவ்வச்சத்தைக் கண்டோம். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள். சேலத்திற் கல்லூரி சேர விழைந்தாள். தாய் மறுத்தார். ஒரே அடுப்படியில் நின்றும், இருவரும் சிறுவனாகிய தம்பி வழியாகவே பேசிக்கொண்டனர்.

"இவளுக்கு நீங்கள் புத்தி சொல்லுங்கள், அஜரத். தினமும் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இவளை அனுப்பிவிட்டு நான் எப்படி மூச்சு விடுவேன்?" என்றார் தாய்.

"அம்மாவுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, அஜரத்" என்றாள் மகள்.

நாம் எவருக்கும் தீர்ப்புரைக்கவில்லை. திருமறையின் 28ஆம் அத்தியாயமாகிய 'அல்கஸஸ்' கூறும் வரலாற்றை நினைவூட்டினோம். குழந்தை மூஸாவை (அலை) ஆற்றில் விட்ட அன்னை, அதனைப் பின்தொடரும் பணியைத் தம் மகளிடமே ஒப்படைத்தார். அம்மகள் எவரும் ஐயுறாவண்ணம் தொலைவிலிருந்து கவனித்தாள். ஃபிர்அவ்னின் மாளிகையாரிடம் அஞ்சாது பேசினாள். குழந்தையைத் தாயின் மடிக்கே மீண்டும் சேர்ப்பித்தாள்.

"தனியாகவா அனுப்பினார்?" என்று கேட்டார் தாய்.

"ஆம். கலங்கிய உள்ளத்தோடுதான் அனுப்பினார்" என்றோம்.

நெடுநேரம் அவர் வாய் திறக்கவில்லை. பின் காப்பித் தம்ளரை மகள் பக்கம் நீட்டி, "அஜரத்துக்குக் கொடு" என்றார். தம்பி வாசலில் விளையாடிக் கொண்டிருந்தான்.

தாய்மார்களே! அச்சம் நீங்கிய பின்னரே நம்புவது என்றால், எத்தாயும் எம்மகளையும் நம்ப இயலாது. மகள்களே! உங்கள் தாயின் மறுப்பினுள் ஒளிந்திருக்கும் நடுக்கத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.