எட்டு நிமிடம், நான்கு தடவை

ஜனவரி 7

மார்கழிப் பனி. மயிலாப்பூர் மாட வீதியில் கோலம் போட்டு முடிவதற்குள் அவர் சைக்கிளை அடையாறு பக்கம் திருப்பிவிட்டார். மந்தைவெளியில் வீடு, தி. நகரில் கணக்கர் வேலை, வயது 44. போன மாதம் 200 கி.மீ. பிரெவேயை முடித்தார். அதற்குக் கெடு பதிமூன்றரை மணி நேரம். அவருக்குப் பதின்மூன்றுக்குமேல் பிடித்தது. அடுத்தது 300 கி.மீ., கெடு 20 மணி நேரம்.

பிரெவே பந்தயமல்ல. பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி, யாரையும் முந்த வேண்டியதில்லை. கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் போதும். சென்னையில் மெட்ராஸ் ரேண்டனர்ஸ் குழு இதை நடத்துகிறது. 200, 300, 400, 600 நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் சூப்பர் ரேண்டனர். 1891இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்துக்கு, 90 மணி நேரத்தில் 1,200 கி.மீ. கடக்கும் அந்தப் பயணத்துக்கு, போக நினைப்பவர்களுக்கு இந்த நான்கும்தான் படிக்கட்டு.

ஒரு வருடமாக அவர் ஓட்டியதெல்லாம் ஒரே மாதிரி. மணிக்கு 24 கி.மீ., இதயத் துடிப்பு 150. மூச்சு வாங்கும், திணறாது. வீடு திரும்பும்போது களைப்பு இருக்கும், வேகம் மட்டும் கூடாது. இன்னும் அதிக தூரம் ஓட்டினால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு காலைகளில் எதிர்ப்படும் பாதிப் பேரின் நம்பிக்கையும் அதுதான்.

ஜனவரி 9

நான்கு நிமிடத்தில் முடியும் ‘டபாட்டா’ பற்றிக் கேள்விப்பட்டு, மாலையில், சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் ட்ரெய்னரில் ஏறினார். 20 விநாடி மிதி, 10 விநாடி ஓய்வு, எட்டுச் சுற்று. இறங்கும்போது கொஞ்சம் வியர்த்திருந்தது, அவ்வளவே.

அங்கேயே பிழை தெரிகிறது. ஜப்பானில் இஸுமி டபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவுக்கு ஈடான சக்தியைப் போல 1.7 மடங்கில் மிதித்தார்கள். ஏழாவது, எட்டாவது சுற்றில் கால் நின்றுவிடும் அளவுக்கான உழைப்பு அது. இன்னொரு குழு வாரம் ஐந்து நாள் ஒரு மணி நேரம் நிதானமாக மிதித்தது. ஆறு வாரத்தில் இரு குழுவுக்கும் ஆக்சிஜன் உச்சம் உயர்ந்தது. குறுகிய நேர வலிமை முதல் குழுவுக்கு மட்டும் கூடியது. நான்கு நிமிடத்தைச் சொல்கிறவர்கள் அந்த உழைப்பைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

ஜனவரி 12

டாக்டரிடம் போய் இசிஜி, டிரெட்மில் டெஸ்ட் இரண்டும் எடுத்தார். நாற்பதைத் தாண்டியவர்கள் இதயத்தை உச்சத்துக்கு ஓட்டும் பயிற்சியில் இறங்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

ஜனவரி 18

உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி, முட்டுக்காடு நோக்கி. இன்றைய திட்டம்: எட்டு நிமிடக் கடும் மிதி, இரண்டு நிமிட ஓய்வு, நான்கு தடவை.

நார்வேயின் ஆக்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் சைலர் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. பொழுதுபோக்குக்காக ஓட்டும் 35 பேரைப் பிரித்து, ஏழு வாரம் பார்த்தார்கள். சிலர் நான்கு நிமிடத் துண்டுகள், சிலர் எட்டு, சிலர் பதினாறு. மிச்சப் பேருக்கு நிதான ஓட்டம் மட்டும். எட்டு நிமிடக்காரர்கள் அதிகம் முன்னேறினார்கள். உச்சத் துடிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம், அதில் மொத்தம் 32 நிமிடம். பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களை வைத்தே பார்த்ததால் நம் ஊர்க்காரருக்கு இதுவே நெருக்கமான ஆய்வு.

முதல் எட்டில் வேகம் பிடித்துவிட்டார். மூன்றாவதில் தொடை எரிந்து, ஐந்தாவது நிமிடத்தில் கால் தரையில். நான்காவது நடக்கவே இல்லை. முதல் துண்டைக் கொஞ்சம் அடக்கி ஓட்டியிருந்தால் நான்கும் முடிந்திருக்கும்.

ஜனவரி 20

இன்று நிதான நாள். பெசன்ட் நகர் வரை மணிக்கு 18 கி.மீ. தாண்டக் கூடாது. இதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. பின்னால் வந்த பையன்கள் முந்தும்போதெல்லாம் கால் துடித்தது. ஆனால் வாரம் இரண்டு கடும் நாளுக்குத் தெம்பு வேண்டுமென்றால், மற்ற நாட்கள் உண்மையாகவே லேசாக இருக்க வேண்டும். ஒரு வருடம் அவர் சிக்கியிருந்த நடுத்தர வேகம் ஓய்வும் தரவில்லை, உச்சத்தையும் தொடவில்லை.

பிப்ரவரி 8

நான்கும் முடிந்தன.

மணிக்கு 15 கி.மீ. சராசரி போதும் என்கிற 300 கி.மீ. ஓட்டத்துக்கு இவ்வளவு கடுமை எதற்கு என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. உச்சத்துக்கு அருகில் உழைத்துப் பழகிய இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகும். உடலின் கூரை உயர்வதால் அதே 24 கி.மீ. வேகம் முன்பைவிடக் குறைந்த பங்கையே கேட்கும். பதினைந்தாவது மணி நேரத்திலும் தெம்பு மிச்சம் இருக்கும்.

பிப்ரவரி 27

ஏற்றத்தில் மிதிக்க ஆசைப்பட்டு விடியலில் உஸ்மான் சாலை மேம்பாலம். ஏறி இறங்கினால் சிக்னல். இனி வேண்டாம் என்று முடிவெடுத்தார், சரியான முடிவு.

மார்ச் 12

வெயில் வந்துவிட்டது. அதே மிதிக்குத் துடிப்பு பத்து எண் கூடுதல். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது, சூடு இறங்காது. ரத்தத்தின் நீர் குறையக் குறைய இதயம் விரைந்து அடித்து ஈடுகட்டும். ஆகவே துடிப்பைக் காட்டும் கடிகாரத்தை நம்பாமல் பேச்சை நம்பத் தொடங்கினார். கடும் துண்டில் இரண்டு சொல்தான் வர வேண்டும். நிதான நாளில் முழு வாக்கியம் வர வேண்டும். பையில் உப்புப் போட்ட மோர்.

மார்ச் 20

பங்குனிப் பெருவிழா, மாட வீதிகளைச் சுற்றிலும் கூட்டம். சைக்கிள் வெளியே போகவில்லை. மொட்டை மாடியில் ட்ரெய்னர், எதிரே மேசை மின்விசிறி. நாயனச் சத்தம் மிதந்துவர, மூன்று துண்டோடு நிறுத்திக்கொண்டார். நான்கு நாளில் புதுச்சேரிப் பக்கம் அந்த 300 கி.மீ. பிரெவே.

மார்ச் 24

அதிகாலை ஐந்துக்குக் கிளம்பிய கூட்டம் கடப்பாக்கம் தாண்டியதும் சிதறியது. மரக்காணம் உப்பளங்கள் பக்கம் நிழலே இல்லை. கடற்காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் வந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு, “இன்னும் எவ்ளோக்கா?” என்றார்.

“கூனிமேடு போயிட்டா டீக்கடை இருக்கு தம்பி, அங்க கொஞ்ச நேரம் உட்காரலாம், அதுவரைக்கும் என் பின்னால ஒட்டிக்கிட்டு வா” என்றார் அவர், ஒரே மூச்சில்.