டலாட்டில் ஒரு மூங்கில் எலி

நமக்கு ஊட்டின்னா வியட்நாமுக்கு டலாட்! பைன் மரம், பனி, பூக்கள்னு ஜில்லுனு ஒரு மலை ஊர். இங்கே இருந்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில்தான் 1956-ல், செத்துப்போன மூங்கில் எலியோட கல்லீரலில் ஒரு புதுப் பூஞ்சை சிக்கியது. பேர், மார்னெஃபெய். அதை ஆராய்ச்சி பண்ணின பிரெஞ்சு விஞ்ஞானி செக்ரெதேன், 1959-ல் தவறுதலா விரலில் ஊசி குத்திக்கொண்டார். அந்த நோய் தொற்றிய முதல் மனுஷர் அவர்தான். மருந்து சாப்பிட்டுப் பிழைச்சுக்கிட்டார்.

எய்ட்ஸ் வந்த பிறகு கதையே மாறிடுச்சு. எதிர்ப்புச் சக்தி குறைந்த ஹெச்.ஐ.வி. நோயாளிகளை இந்தப் பூஞ்சை போட்டுத் தாக்குது. வியட்நாம், தாய்லாந்து மட்டுமில்ல, நம்ம மணிப்பூர்லயும்தான். காய்ச்சல், எடைக் குறைவு, தொப்புள் மாதிரி நடுவில் குழி விழுந்த கொப்புளங்கள்... டி.பி.னு நினைச்சு நாளைக் கடத்தினா உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்து இருக்கு.

எலிகிட்டேயிருந்து மனுஷனுக்கு நேரா ஒட்டுதுன்னு இன்னும் நிரூபணம் ஆகலை. ஸோ, டலாட்டுக்குப் பூ பார்க்கப் போனா எலியைத் திட்டாதீங்க பாஸ். நமக்கு முதல்ல துப்பு கொடுத்ததே அதுதான்!